பன்னிரண்டு பல் பூண்டு

"இன்னும் நிக்கலயா?"

"நிக்கும், நிக்கும். அட்ட கடிதானே. புலி கடிச்ச மாதிரி பாக்குறீங்க."

கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தாள் சண்முகவடிவு. கணுக்காலுக்கு மேலே சுற்றியிருந்த துணியைக் கணவர் சிவசாமி மெல்லப் பிரித்தார். அது மூன்றாவது துணி. முதல் இரண்டும் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீர் சாயம் கரைத்ததுபோல் இருந்தது. துணியை எடுத்ததும், கடுகு அளவு ஓட்டையிலிருந்து ரத்தம் மறுபடியும் கோடு பிடித்து இறங்கியது.

"எத்தன மணிக்குக் கடிச்சிச்சு?"

"எட்டு இருக்கும். சப்பாத்துக்குள்ள ஏறிருக்கு, நான் பாக்கல."

"இப்ப பன்னெண்டரை."

"மணி பாக்க எனக்கும் தெரியும்."

லிந்துலைக்கு மேலே, ஆடி மழையில் ஊறிக் கிடக்கும் அந்தத் தோட்டத்தில் அட்டை கடிக்காத கால் கிடையாது. கொழுந்தெடுக்கும் பெண்கள் நாளைக்குப் பத்து அட்டையைப் பிடுங்கி எறிவார்கள். கடித்த இடம் அரை மணி, ஒரு மணி நேரம் கசியும். சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். அதை ஒரு சேதியாக யாரும் வீட்டில் வந்து சொல்வதில்லை.

சண்முகவடிவின் ரத்தம் அப்படிப்பட்டதல்ல. ஆறு வருடத்துக்கு முன் கண்டியில் அவள் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தினமும் சாயங்காலம் விழுங்குகிறாள். மலையேறிக் கொழுந்தெடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், தேயிலைக் கன்று வளர்க்கும் கொட்டகையில் அரைநாள் வேலை. அடுப்புப் புகையும் ஆகாது என்று சமையல் சிவசாமியின் கைக்கு வந்தது. பேக்டரியில் கொழுந்து அரைக்கும் மெசினில் நிற்பவர், இந்த வாரம் இராச் சிப்ட் என்பதால் பகலில் வீட்டில் இருந்தார்.

"கொஞ்சம் இரு, வாறேன்."

"எங்க போறீங்க?"

"பூண்டு தட்டி வைக்கிறேன். புண்ணு சட்டுனு மூடிக்கும்."

"ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பூண்டுதான்."

அது உண்மை. பருப்பில் தாளிக்கப் பூண்டு, மீன் குழம்பில் முழுப் பூண்டு, சம்பலில் நசுக்கிய பூண்டு, தணலில் சுட்டுத் தோலுரித்து ரொட்டியோடு தின்னப் பூண்டு. சிவசாமியின் கையில் பூண்டு இனிக்கும் என்று அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பேர். ஆனால் பச்சைப் பூண்டை மருந்தாக விழுங்குவது ஆறு வாரத்துக்கு முன்புதான் தொடங்கியது.

அன்று கிளினிக்கில் நர்ஸ் ஜெகதீஸ்வரி மிஸ், "ரத்தம் தடிப்பா இருக்கு அம்மா. வால்விலை கட்டினா கை காலை இழுத்துப் போடும், கவனம்," என்று சொன்னார். டாக்டர் அரை மாத்திரை கூட்டி எழுதினார். வீடு வந்த பிறகும் 'இழுத்துப் போடும்' என்ற சொல் சிவசாமியின் காதை விட்டுப் போகவில்லை. போனில் தேடினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: பூண்டு ரத்தத்தை இளக்கும், பிரஷரை இறக்கும், கொழுப்பைக் கரைக்கும், ஆனால் வேகவைத்தால் அதன் பலம் போய்விடும்.

"மாத்திரையும் எளக்குது, பூண்டும் எளக்குது. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே வடிவு?"

"நீங்க சொன்னா சரி."

மறுநாளிலிருந்து வெறும் வயிற்றில் மூன்று பல், தேனோடு. படுக்கும் முன் மூன்று பல், பாலில் நசுக்கி.

இப்போதும் மூன்று பல்லை அம்மியில் தட்டிக்கொண்டு வந்து கடிவாயில் அப்பினார்.

"ஐயோ! எரியுதுங்க!"

"எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"வேல செய்யுதா! எடுங்க முதல்ல!"

அந்தச் சத்தத்தில்தான் மீனம்மா உள்ளே வந்தாள். சண்முகவடிவின் தங்கை, அதே கன்றுக் கொட்டகையில் வேலை, நாலு காம்பரா தள்ளி வீடு.

"என்னா மாமா, லயம் பூரா பூண்டு வாசம். யாருக்குக் கலியாணம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், வாளியைப் பார்த்து நின்றுவிட்டாள். "இது என்னாது?"

"காலையில கடிச்ச அட்டடி. இவரு என்னய வறுத்தெடுக்குறாரு."

"காலையில கடிச்சதா? அக்கா, எங்க, கையக் காட்டு."

"கையில என்னா?"

மீனம்மா அக்காவின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. மறு கையில் இன்னொன்று. உள்ளங்கை அகலம் இருந்தது.

"எங்க இடிச்ச?"

"நான் எங்கயும் இடிக்கலயே."

சிவசாமி அதை இப்போதுதான் பார்க்கிறார். ஒரே கட்டிலில் படுக்கிற மனுசன், பார்க்கவில்லை. "வடிவு, வாயத் தொற," என்றார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். பல் ஈறு ஓரமெல்லாம் சிவப்பு.

"வெத்தல போட்டியா?"

"வெத்தல விட்டு ஆறு வருசமாச்சு, தெரியாதா ஒங்களுக்கு?" அவள் வாளிப் பக்கம் திரும்பித் துப்பினாள். துப்பியதைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் குரலில் இருந்த கேலி போய்விட்டது. "என்னாங்க... காலையிலேருந்து தலையும் வலிக்குது. மழயிலனு நெனச்சேன்."

"மீனா, கிஷாந்தக் கூப்புடு. ஆட்டோவ எடுக்கச் சொல்லு. ஓடு!"

* * *

தோட்டத்துப் பாதை ஆற்றுப் படுகைபோல் கல்லும் பள்ளமுமாகக் கிடந்தது. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கிஷாந்த் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான்.

"மெதுவா போடா தம்பி, குலுங்குது."

"மெதுவா போறதா, வெரசா போறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே."

சிவசாமி மனைவியை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். நடுவில் சண்முகவடிவு, அந்தப் பக்கம் மீனம்மா. சிவசாமியின் மடியில் மாத்திரை எழுதும் கிளினிக் கொப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி.

"என்னாங்க, ஒண்ணு சொல்லணும்."

"பேசாத. களைப்பாயிரும்."

"மிஸ் கேப்பாங்க. எப்பவும் கேக்குற கேள்விதான். நாட்டு மருந்து எதுவும் குடிக்கிறீங்களான்னு. இல்லன்னு சொல்லிருங்க."

"நாம எங்க நாட்டு மருந்து குடிக்கிறோம்? பூண்டு கடையில விக்கிற சாமான்."

"அதான். அதச் சொல்லாதீங்க. நல்லமுத்து அண்ணனுக்கு நடந்தது தெரியும்ல?"

கிளினிக்குக்குப் போகிற எல்லாருக்கும் அது தெரியும். தோட்டத்துக் கீழ் டிவிசன் நல்லமுத்து ஒரு கசாயப் போத்தலைப் பையில் வைத்திருந்து பிடிபட்டார். டாக்டர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து நல்லமுத்துவைக் கிளினிக்கில் காணவில்லை. கொப்பியைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் பேச்சு. கொப்பி போனால் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாவிட்டால் வால்வு நின்றுவிடும்.

"சத்தியமா சொல்லாதீங்க."

"சரி, சொல்லல."

மீனம்மா வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாயாடி ஒருத்தி வாயை மூடிக்கொண்டு வருவதும் சிவசாமிக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது.

* * *

ஆசுபத்திரியில் ஜெகதீஸ்வரி மிஸ்ஸே இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வந்து ஐந்து வருடமாகிறது. காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். ஒரு ஊசியில் ரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது பின்னாலேயே டாக்டரும் வந்தார். இளம் வயது, சிங்களவர். மிஸ்ஸிடம் சிங்களத்தில் வேகமாகப் பேசினார்.

"ஐயா, இஞ்சை வாங்கோ. ரத்தம் இளகிற அளவு மூண்டுக்குக் கிட்ட நிக்க வேணும், இவவுக்கு ஒன்பது. குளிசையைக் கூடக் குடிச்சவவோ?"

"இல்ல மிஸ். நாந்தான் எடுத்துக் குடுப்பேன்."

"மிச்சக் குளிசை இருக்கே?"

கொடுத்தார். மிஸ் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார். கொப்பியில் தேதியைப் பார்த்தார். இன்னொரு தரம் எண்ணினார். சரியாக இருந்தது.

"வேறை குளிசை? காய்ச்சலுக்கு, உளைவுக்கு?"

"இல்ல."

"நாட்டு மருந்து?"

சிவசாமி கட்டிலைப் பார்த்தார். சண்முகவடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மிஸ். ஒண்ணும் இல்ல."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். சிவசாமிக்குச் சிங்களம் விளங்கும். காரணம் தெரியாமல் ரத்தத்தை உறைய வைக்கிற மருந்தைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றார். கூடிப்போனால் வால்வு அடைத்துக்கொள்ளும், குறைந்தால் தலைக்குள் கசியும் என்றார். பயமாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லி சிவசாமி கேட்டதில்லை.

"தலையிடி எப்பிடி அம்மா?" மிஸ் கட்டில் பக்கம் குனிந்தார்.

"ம்."

"அம்மா?"

"தூக்கமா வருது மிஸ்."

"நித்திரை கொள்ளாதேங்கோ! ஐயா, அவவை நித்திரை கொள்ள விடாதேங்கோ, கதைச்சுக்கொண்டிருங்கோ!" மிஸ் டாக்டருக்குப் பின்னால் வேகமாக நடந்தார்.

"வடிவு. வடிவு! இங்க பாரு."

அவள் பார்த்தாள். பார்த்த பார்வை அவரிடம் வந்து சேரவே நேரம் எடுத்தது. உதட்டை அசைத்தாள். 'சொல்லாதீங்க' என்கிறாளா, 'தண்ணி' என்கிறாளா, தெரியவில்லை.

சிவசாமி அவள் கையை விட்டுவிட்டு ஓடினார். வார்டுக்குள் ஓடக் கூடாது என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"மிஸ்! பூண்டு குடுத்தேன்!"

மிஸ் திரும்பினார். "என்ன?"

"பச்சப் பூண்டு. ரத்தம் எளகட்டும்னு. மருந்து இல்ல மிஸ், சாமான்தானே... கொப்பியக் கிழிச்சிராதீங்க. என்னய என்ன வேணும்னாலும் ஏசுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான் குடுத்தேன்."

"உள்ளியே? எத்தினை பல்லு?"

"காலையில மூணு, ராவுல மூணு."

"எத்தினை நாளா?"

"நீங்க ரத்தம் தடிப்புன்னு சொன்ன நாள்லேருந்து."

"குளிசையைக் கூட்டின அண்டையிலிருந்து! நாங்கள் ஒரு பக்கத்தாலை கூட்ட, நீங்கள் மற்றப் பக்கத்தாலை கூட்டினனீங்கள்." மிஸ் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் "சுதுலூனு?" என்று பூண்டின் சிங்களப் பேரை இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கொப்பியைப் பிடுங்கி எழுதத் தொடங்கினார்.

"ஆறு பல்லு. சரியோ? வேறை இல்லையே?"

"இல்ல மிஸ். அம்மா சத்தியமா ஆறுதான்."

"ஆறு இல்ல, மாமா."

மீனம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"என்னா சொல்ற?"

"நானும் குடுத்தேன். பத்து மணித் தேத்தண்ணிக்கு. பச்சப் பூண்டும் கொச்சிக்காயும் இடிச்சு, ரொட்டிக்கு. அக்கா தெம்பா இருக்கணும்னு."

"எத்தன?"

"ஆறு பல்லு. தெனம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அக்காதான் சொல்ல வேணாம்னாங்க. மாமா மனசு கஷ்டப்படும், அவரு ஆசையா சமைச்சுப் போடுறாரு, நீ குடுத்தது தெரிஞ்சா..." அவள் அழத் தொடங்கினாள். "அவங்க வீட்டுல திங்கிறது எனக்குத் தெரியாது மாமா. ஆட்டோவுல நீங்க பேசும்போதுதான் தெரிஞ்சிச்சு."

மிஸ் விரலை மடக்கவில்லை, கணக்கும் போடவில்லை. "பன்னிரண்டு," என்று டாக்டரிடம் சொன்னார். பிறகு, "தலையை ஸ்கான் பண்ண வேணும். நுவரெலியாவுக்கு அனுப்புறம். ஒருத்தர்தான் கூட வரலாம்," என்றார்.

* * *

ஆம்புலன்ஸில் கிளம்பும் முன் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தைச் சின்ன அளவில் ஏற்றினார்கள். மிஸ்ஸும் கூடவே ஏறினார். சிவசாமி தலைமாட்டில் இடுக்கி உட்கார்ந்தார். சைரன் சத்தம் தலைக்கு மேலேயே அழுதது.

"கதையுங்கோ ஐயா. அவ பதில் சொல்ல வேணும்."

"வடிவு, நான் யாரு?"

"...யாரு மாதிரி தெரியுது?"

"பேரச் சொல்லு."

"புருசன் பேரச் சொல்லச் சொல்றீங்களா, மிஸ் முன்னால?"

"சொல்லு!"

"சிவசாமி." அவள் கண்ணை மூடினாள்.

"மூடாத! ரெண்டு பேரு குடுத்தத ஏன்டி தின்ன? ஒருத்தர்கிட்டயாவது வேணாம்னு சொல்ல வாய் இல்லயா?"

ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு. சிவசாமி அவள் கன்னத்தைத் தட்டினார். மிஸ் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வடிவு!"

"...அன்னைக்கு, கை கால் இழுத்துக்கும்னு சொன்னாங்கல்ல. நீங்க மட்டுமா பயந்தீங்க? எனக்கும்தான் பயம். அவ குடுத்தா ஒண்ணு, நீங்க குடுத்தா ஒண்ணு. எதையாவது விட்டுட்டா அதுலதான் உசுரு இருக்கோன்னு. கண்ண மூடிக்கிட்டு முழுங்கினேன். நெஞ்சு எரியும். வாய் நாறும். கொட்டகையில எல்லாரும் அந்தப் பக்கம் தள்ளி நின்னாங்க."

"எனக்குச் சொல்லக்கூடாதா?"

"ஒங்க மொகத்தப் பாத்தா சொல்ல வரல."

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "நல்லமுத்து எண்டவரைப் பற்றி வெளிக்கிட முதல் மீனம்மா கேட்டவ," என்றார். "அந்தாளுக்கு ஒரு கொப்பியும் கிழிக்கேல்லை. மகள் வீட்டோடை உடப்புசல்லாவைக்குப் போயிட்டார். அங்கை கிளினிக்குக்குப் போறார். கொப்பியை நான்தான் மாத்தி எழுதிக் குடுத்தனான்."

ஒரு பொய்ப் பேச்சுக்குப் பயந்து பத்து நிமிடத்தை விட்டுவிட்டோமே என்று சிவசாமி நினைத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் தலைக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்ததும், பிடித்திருந்த கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மிஸ், பொழைப்பாளா?"

"தலையைப் பாத்தாத்தான் சொல்லலாம் ஐயா. நான் பொய் சொல்ல மாட்டன்."

* * *

ஸ்கான் அறைக் கதவு மூடியது. வெளியே நீல நிற நாற்காலி வரிசை. சிவசாமி உட்காரவில்லை. போன் அடித்தது, மீனம்மா. எடுத்தார். "என்னா ஆச்சு மாமா?" "இன்னும் தெரியல." வைத்தார். மறுபடி அடித்தது. "மாமா?" "தெரியலன்னு சொல்றேன்ல!" மூன்றாவது தடவை அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. அவள் கேட்கும் நேரத்தில் கெட்ட சேதி வந்துவிட்டால்?

கதவு திறந்தது. மிஸ் முதலில் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இருங்கோ ஐயா."

"சொல்லுங்க மிஸ். நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"தலைக்குள்ளை ரத்தம் இல்லை."

"இல்லைன்னா?"

"கசியேல்லை. அளவு எகிறினதாலை வந்த தலையிடியோ, பயத்திலை வந்ததோ தெரியாது. இண்டைக்குத் தப்பிச்சவ. நாளைக்கும் ரத்தம் பாக்க வேணும். வால்வைப் பாக்க வேணும். நாலைஞ்சு நாள் இஞ்சை இருக்க வேணும். இன்னும் முடியேல்லை, விளங்குதோ?"

சிவசாமி இப்போது உட்கார்ந்தார்.

அவளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மிஸ் திரும்பிப் போகும் முன் கணுக்கால் கட்டைப் பிரித்தார். உள் பஞ்சில் ஒரு சிவப்பு வட்டம், ஒரு ரூபாய்க் காசு அளவு. அதற்கு மேல் புதிதாக எதுவும் இறங்கவில்லை. மூன்று பேரும் அந்தக் கடுகளவு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிப் பூண்டே வேணாம் மிஸ். வீட்டுக்குள்ள வராது," என்றார் சிவசாமி.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. கறிக்குப் போடுற உள்ளி ஒண்டும் செய்யாது. நல்லதுதான். எப்பவும் போடுற அளவிலை போடுங்கோ. பச்சையா, மருந்து எண்டு நினைச்சு அள்ளிக் குடுக்கிறதுதான் பிழை. எதைப் புதிசாத் தொடங்கினாலும், அது சாமானோ மருந்தோ, முதல்ல எங்களுக்குச் சொல்ல வேணும்."

"சரி மிஸ்."

மிஸ் போனார். சண்முகவடிவு கையை நீட்டித் தலையணையைச் சரிசெய்யப் பார்த்தாள். அவர் பதறி எழுந்து, தொட்டால் திட்டு விழுந்துவிடுமோ என்று அவள் கையைப் பிடிக்காமல் சட்டைக் கையைப் பிடித்தார்.

"என்னாங்க இது, முட்டயப் பிடிக்கிற மாதிரி."

"பேசாம படு."

"பசிக்குது."

"ஆசுபத்திரிச் சோறு வரும்."

"அது வேணாம். வீட்டுக்குப் போன பெறகு ஒரு ரசம் வைங்க. காரமா."

"நான் வைக்க மாட்டேன்."

"மிஸ் சொன்னாங்கல்ல, கறிக்குப் போடலாம்னு."

"ரெண்டு பல்லு போடணும்னா ரெண்டா, மூணான்னு எனக்குச் சந்தேகம் வந்துரும். பயமா இருக்குடி."

அவள் அவரைப் பார்த்தாள். இந்த முறை பார்வை உடனே வந்து சேர்ந்தது.

"பயம் இருக்கட்டும். நீங்க தட்டுங்க. நான் பக்கத்துல நின்னு எண்ணுறேன்."